பழைய போனில் எஃப்எம் வெறும் இரைச்சல், புதிய டைப்-சி போனில் எஃப்எம்மே இல்லை: எங்கே பார்ப்பது?

உப்பளத்தான் (கேள்வி)

வணக்கம். இரண்டு போன், இரண்டு விதமான பிரச்சினை. ஊர் வேதாரண்யம் பக்கம். இங்கே முக்கியமாக வேண்டியது காரைக்கால் வானொலி, 100.3. புயல் நாளில் கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் செல்போன் டவரின் பேட்டரியும் தீர்ந்துவிடும். நெட் வழியாக ஓடும் ரேடியோ ஆப் அதோடு சரி. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது இந்தப் பக்கம் நாள் கணக்கில் சிக்னல் இல்லை. அதனால் காற்றில் வருவதை நேரடியாகப் பிடிக்கும் எஃப்எம் வேண்டும்.

பழைய போன்: குவால்காம் சிப், 3.5 மிமீ ஜாக் உண்டு. ஜாக்கும் சார்ஜிங் பின்னும் ஒரே சின்ன போர்டில் இருக்கின்றன. அந்த போர்டை மாற்றிய நாளிலிருந்து எஃப்எம் போச்சு. ஆப் திறக்கிறது, ஹெட்செட் போட்டதைக் கண்டுகொள்கிறது, ஸ்கேன் 87.5-இலிருந்து 108 வரை ஓடி முடிகிறது, ஒரு நிலையமும் நிற்கவில்லை. 100.3 கையால் போட்டால் ‘ஸ்ஸ்’ சத்தம் மட்டும். அதே ஹெட்செட்டில் பாட்டும் கால் பேசுவதும் சுத்தமாக இருக்கிறது.

புதிய போன்: மீடியாடெக் சிப், 5ஜி, டைப்-சி மட்டும். எஃப்எம் ஆப்பே கிடையாது. பிளே ஸ்டோரில் எடுத்த மூன்று எஃப்எம் ஆப்களும் டேட்டாவை அணைத்ததும் நின்றுவிடுகின்றன. டைப்-சி ஹெட்செட் ஒன்று இருக்கிறது, அதில் பாட்டு கேட்கிறது.

இரண்டில் எதையாவது சரிசெய்ய முடியுமா? முடியாது என்றால் எதனால் முடியாது என்று தெரிந்தால் போதும், அலைச்சல் மிச்சம்.

மாடிவீடு

புதுசுக்கு ஒரு வழி. எஃப்எம் இருக்கிற வேறு மீடியாடெக் போனிலிருந்து அந்த ஆப்பின் ஏபிகே ஃபைலை (ஆப்பை நிறுவுற ஃபைல்) எடுத்து இதில் போட்டுப் பாருங்க. சிப் ஒரே கம்பெனிதானே. இன்னொன்று, போனில் எஃப்எம் கட்டாயம் கொடுக்கணும்னு அரசாங்கமே 2023-ல் சட்டம் போட்டாச்சு. சர்வீஸ் சென்டரில் போய்க் கேளுங்க.

குறுக்கலை

ஏபிகே வழி பலிக்காது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், இதில் நேரம் வீணாக்குபவர்கள் நிறைய.

போனில் எஃப்எம் கேட்க நான்கு அடுக்கு வேண்டும். முதலில் சிப். எஃப்எம் ரிசீவர் தனி ஐசியாக வருவது அபூர்வம். வைஃபை, ப்ளூடூத் கொடுக்கும் அதே சிப்பின் ஒரு மூலையில் இருக்கும். மீடியாடெக்கில் எம்டி6625, எம்டி6631, குவால்காமில் டபிள்யூசிஎன்3990 போன்றவை இந்த வகை. வைஃபை 6 வந்த பிறகான விலை உயர்ந்த சிப்கள் பலவற்றில் அந்த மூலையே இல்லை. இரண்டாவது, ஜாக்கிலிருந்து அந்தச் சிப்பின் எஃப்எம் காலுக்குப் போகும் ஆன்டெனா பாதை. சிப்பில் எஃப்எம் இருந்தும் போன் தயாரிப்பாளர் இந்தப் பாதையைப் போடாமல் விட்டிருக்கலாம். மூன்றாவது, கர்னலில் (ஆண்ட்ராய்டின் அடித்தள மென்பொருள்) டிரைவரும் (சிப்பை இயக்கும் நிரல்) அதற்கான ஃபர்ம்வேரும் (சிப்புக்குள் ஏறும் மென்பொருள்). கடைசியில்தான் ஆப்.

நீங்கள் காப்பி செய்வது நான்காவதை மட்டும். எஃப்எம் சிப்பைத் தொடுவதற்குச் சாதாரண ஆப்களுக்கு ஆண்ட்ராய்டில் திறந்த வழி கிடையாது. ரேடியோவுக்கான கதவு சிஸ்டம் ஆப்களுக்கு மட்டும்தான் திறக்கும். போன் கம்பெனி கொடுக்கும் எஃப்எம் ஆப் சிஸ்டம் பகுதியில் உட்கார்ந்து, தனி உரிமையோடு, அந்த மாடலுக்கான நேட்டிவ் லைப்ரரியை (சிப்போடு பேசும் நிரல் தொகுப்பு) பிடித்துக்கொண்டு ஓடுகிறது. ஏபிகேயை மட்டும் பிடுங்கி நட்டால் திறந்ததும் மூடிக்கொள்ளும், அல்லது எந்த அலைவரிசையிலும் மௌனம். பிளே ஸ்டோரில் ‘எஃப்எம் ரேடியோ’ என்ற பெயரில் கிடைப்பவை பெரும்பாலும் இணைய ஒலிபரப்பை எடுத்துத் தருபவை என்பதும் இதனால்தான். உப்பளத்தான் டேட்டாவை அணைத்துப் பார்த்தது மிகச் சரியான சோதனை.

கஸ்டம் ரோம் (கம்பெனி கொடுத்ததற்குப் பதிலாக வேறொருவர் தொகுத்த ஆண்ட்ராய்டு) போட்டவர்களுக்கு எஃப்எம் போவதும் இதே காரணம். பொதுவான ஆண்ட்ராய்டு மூலக் குறியீட்டில் போன் கம்பெனியின் எஃப்எம் ஆப்பும் லைப்ரரியும் கிடையாது. ரோமைத் தொகுத்தவர் அந்த மாடலுக்கு அவற்றைச் சேர்த்திருந்தால்தான் உண்டு.

2023 விஷயம்: அது சட்டமில்லை. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அந்த ஆண்டு ஏப்ரலில் கைபேசித் தொழில் அமைப்புகளுக்கு அனுப்பிய அறிவுரை. எஃப்எம் வசதி இருக்கும் போன்களில் அதை முடக்காமல் இயங்கும் நிலையில் வைக்க வேண்டும், இல்லாத போன்களில் சேர்க்கலாம் என்பது சாரம். பேரிடர் நேரத்தில் நெட்டில்லாத ஊர்களை நினைத்துத்தான் எழுதப்பட்டது. அதைக் காட்டி சர்வீஸ் சென்டரில் சிப்பைச் சேர்த்துத் தரச் சொல்ல முடியாது. அறிவுரையோடு நிற்காமல் விதியாக வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஈயக்கம்பி

நான் பழைய போனுக்கு மட்டும் சொல்றேன். ஆப் திறக்குது, ஹெட்செட்டைப் பார்க்குது, பாட்டு கேக்குது, நிலையம் மட்டும் வரலை, அதுவும் சப் போர்டு (ஜாக் இருக்கற அந்தச் சின்ன போர்டு) மாத்தின அன்னைலேர்ந்து. சாஃப்ட்வேர் பக்கமே போகாதீங்க. புதுசா போட்ட போர்டுதான் முதல் சந்தேகம்.

ஹெட்செட் வயர்தான் ஏரியல்னு எல்லாருக்கும் தெரியும். எந்தக் கம்பி ஏரியல்னு பார்க்கணும். உள்ளே இடது, வலது, மைக், கிரவுண்டுன்னு நாலு இருக்கு. அதுல கிரவுண்டு கம்பியைத்தான் பெரும்பாலான போன்கள் ஏரியலா எடுத்துக்குது. அப்போ அந்த கிரவுண்டு நேரா போர்டு கிரவுண்டுல போய் ஒட்டக்கூடாது, ஒட்டினா வயர் பிடிச்ச அலை எல்லாம் தரையிலேயே இறங்கிடும். அதனால நடுவுல ஃபெரைட் பீடுன்னு ஒரு குட்டிப் பாகம் போட்டிருப்பாங்க. பாட்டு சிக்னலுக்கு அந்த பீடு வெறும் கம்பி. 100 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஆயிரம் ஓமுக்கு மேல தடுப்பு. அந்தப் பக்கம் போக முடியாத அலை, பீடுக்கு முன்னாடியே பிரியற ஒரு குட்டி கெப்பாசிட்டர் வழியா எஃப்எம் ஐசிக்குப் போயிடும். இடது, வலது, மைக் லைன்லயும் இதே மாதிரி பீடு இருக்கும், இல்லைன்னா அந்தப் பக்கமா ஒழுகும்.

இப்ப மார்க்கெட்டுல கிடைக்கற காப்பி சப் போர்டுல என்ன பண்றாங்கன்னா, சார்ஜ் ஏறணும், பாட்டு கேக்கணும், மைக் வேலை செய்யணும், இந்த மூணையும் மட்டும் பார்த்துட்டு பீடு இருக்க வேண்டிய இடத்துல ஜீரோ ஓம் ரெசிஸ்டர் (தடையே இல்லாத, வெறும் கம்பி மாதிரியான பாகம்) போட்டுடறாங்க. சிலதுல கெப்பாசிட்டர் இடம் காலியா கிடக்கும். ஒரிஜினல் போர்டுலேயே ஜாக் பழுது பார்க்கும்போது பீடு எகிறிப் போச்சுன்னா, அவசரத்துக்கு ஈயத்தாலயே ஜம்பர் (ரெண்டு முனையையும் நேரா சேர்க்கற இணைப்பு) இழுத்துட்டுப் போறதும் நடக்கும். ரெண்டுலயும் ஆடியோ பிரமாதமா இருக்கும். எஃப்எம் மட்டும் செத்துரும்.

இதுல ஒரு பொறி இருக்கு. மல்டிமீட்டரை பீப்ல வச்சுத் தொட்டா பீடும் கத்தும், ஜம்பரும் கத்தும். டிசிக்கு பீடு ஒரு ஓம், அரை ஓம்தான். ‘லைன் ஓகே’ன்னு முடிவு பண்ணிடுவாங்க. மீட்டரை வச்சுட்டு லென்ஸை எடுங்க. பீடு உடம்பு முழுக்க கரும்சாம்பல் நிறமா, ரெண்டு முனையும் வெள்ளியா இருக்கும், மேல எழுத்து இருக்காது. ஜீரோ ஓம் ரெசிஸ்டர் மேல்பக்கம் மட்டும் கறுப்பு, பக்கவாட்டுல பார்த்தா வெள்ளை செராமிக் தெரியும். ஜம்பர்னா ஈயக் குவியல், பார்த்ததும் புரியும்.

போனைத் திறக்கறதுக்கு முன்னாடி ரெண்டே சோதனை. ஒண்ணு, வேற ஹெட்செட். வயரோட கிரவுண்டு, சொருகற பின்னுக்குப் பக்கத்துல அறுந்துட்டு மைக் வழியா திரும்பி வந்து பாட்டு மெலிசா கேக்கற கேஸும் உண்டு. உங்களுது சுத்தமா கேக்குதுங்கறதால அது இருக்காது, ஆனாலும் பாருங்க. ரெண்டு, ஜாக்குக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. பாக்கெட் பஞ்சு அடியில கெட்டியா உட்கார்ந்திருந்தா பின் முழுசா இறங்காது. மரப் பல்குச்சியால சுரண்டி எடுங்க, ஊசி வேண்டாம், உள்ளே இருக்கற ஸ்ப்ரிங் காலை வளைச்சிடும்.

நிலையம்தேடி

ஈயக்கம்பி அண்ணன் சொன்னதோடு ஒன்று. போர்டில் கை வைக்குமுன் ஆப்பில் ‘பகுதி’ அல்லது ‘ரீஜியன்’ செட்டிங் இருந்தால் அதையும் பாருங்கள். உப்பளத்தானுக்கு இதுதான் காரணம் என்று சொல்லவில்லை. தலைப்பைப் பார்த்து வருகிற மற்றவர்களுக்காக.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவரும் போன்களில் இது அடிக்கடி வரும். அமெரிக்க அமைப்பில் எஃப்எம் 0.2 மெகாஹெர்ட்ஸ் தாவித் தாவிப் போகும், அதுவும் கடைசி இலக்கம் ஒற்றைப்படையாக மட்டும்: 87.9, 88.1, 88.3. அந்த செட்டிங்கில் சென்னையில் ஸ்கேன் போட்டால் 91.1, 92.7, 93.5, 98.3 எல்லாம் வரும், ரெயின்போ 101.4-உம் ஹலோ 106.4-உம் வரவே வராது. கையாலும் போட முடியாது, 101.3-க்கு அடுத்து 101.5-க்குத் தாவிவிடும். ‘பாதி ஸ்டேஷன் காணோம்’ என்பவர்கள் காணாமல் போனவற்றின் கடைசி இலக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஜப்பான் செட்டிங் என்றால் அலைவரிசை 76-இல் தொடங்கி 90 பக்கத்திலேயே முடிந்துவிடும், மேலே உள்ள எதுவும் கிடைக்காது. இந்தியா அல்லது ஐரோப்பா, 0.1 தாவல், அதுதான் நமக்கு.

காரைக்கால் 100.3 ஒற்றைப்படை என்பதால் அமெரிக்க செட்டிங்கிலும் வந்திருக்க வேண்டும். ஆகவே உங்கள் பழுது போர்டில்தான் என்று நானும் நினைக்கிறேன்.

குறுக்கலை

இப்போது புதிய போன். ஆப்பைத் தேடுவதற்கு முன், சிப் அடுக்கு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். மீடியாடெக் என்பதால் டயல் செய்யும் இடத்தில் *#*#3646633#*#* போடுங்கள். இன்ஜினியர் மோடு திறக்கும் (சில கம்பெனிகள் இந்த எண்ணை அடைத்து வைத்திருக்கும், திறக்காவிட்டால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்). உள்ளே ‘கனெக்டிவிட்டி’ என்ற தாவலில் ‘எஃப்எம் ரிசீவர்’ என்று ஒரு வரி இருக்கலாம். அதைத் திறந்து 100.3 போடுங்கள். நெட்வொர்க், மோடம் பக்கத்து மெனுக்களில் எதையும் மாற்றாதீர்கள், போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ வரைக்கும் போய் இடிக்கும்.

மூன்று விதமாக முடியும். வரியே இல்லை, அல்லது தொட்டால் பிழை காட்டி மூடுகிறது என்றால் டிரைவர் இல்லை. சிப்பில் எஃப்எம் இருந்தாலும் உங்களுக்குப் பயனில்லை. திறக்கிறது, எண்ணைப் போட முடிகிறது, எங்கே போட்டாலும் ஒரே அளவு பலவீன சிக்னல் என்றால் டிரைவர் உண்டு, ஆன்டெனா பாதை இல்லை அல்லது சரியான ஹெட்செட் இல்லை. நிலையம் கேட்டே விட்டது என்றால் கம்பெனி ஆப்பை மட்டும் எடுத்திருக்கிறது. அப்போது அந்த இன்ஜினியர் மோடு பக்கமே உங்கள் ரேடியோ.

குவால்காம் போன் வைத்திருப்பவர்களுக்கு இந்த மெனு கிடையாது. போனைக் கணினியோடு ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் மென்பொருள்) வழியாக இணைத்து, அதன் ஷெல்லில் (கட்டளைத் திரை) ‘டெவ்’ அடைவைப் பட்டியலிட்டு அதில் ‘ரேடியோ0’ என்ற பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். மீடியாடெக்கில் அதே அடைவில் ‘எஃப்எம்’ என்று இருக்கும். பெயர் இருந்தால் டிரைவர் ஏறியிருக்கிறது என்று பொருள்.

எஃப்எம் ஆப் முன்பு இருந்து இப்போது காணவில்லை என்பவர்கள் இதையெல்லாம் தொடவே வேண்டாம். செட்டிங்ஸில் ஆப் பட்டியல், ‘சிஸ்டம் ஆப்களைக் காட்டு’, எஃப்எம் ‘முடக்கப்பட்டது’ என்று இருந்தால் ‘இயக்கு’. தேவையற்ற ஆப்களை நீக்குகிறேன் என்று ஏடிபி வழியாகத் தூக்கியிருந்தால், ஃபைல் இன்னும் சிஸ்டம் பகுதியிலேயே இருக்கும். ‘இன்ஸ்டால்-எக்சிஸ்டிங்’ கட்டளையோடு அந்த ஆப்பின் பேக்கேஜ் பெயரை (உள்பெயர்) கொடுத்தால் திரும்பிவிடும். ஃபாக்டரி ரீசெட்டும் அதைக் கொண்டுவரும். ஒரு ரேடியோ ஆப்புக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

பின்னல்வயர்

டைப்-சி ஹெட்செட் பற்றி யாரும் சொல்லவில்லையே. புதிய போனில் எஃப்எம் பாதை போட்டிருந்தாலும் தவறான ஹெட்செட்டை வைத்துச் சோதித்தால் ‘இல்லை’ என்றே முடிவு வரும்.

டைப்-சி ஹெட்செட்டும் கன்வெர்ட்டரும் இரண்டு சாதி. ஒன்றில் உள்ளே சிப் எதுவும் இல்லை, வெறும் கம்பிகள்; சிசி பின்கள் (என்ன சொருகப்பட்டது என்று போன் அறியும் பின்கள்) இரண்டையும் கிரவுண்டுக்கு இழுத்து ‘நான் ஆடியோ’ என்று போனுக்குச் சொல்லும். போன் தன் டேட்டா பின்கள் இரண்டில் இடது, வலது ஒலியை அனலாகாகவே அனுப்பும். மைக்கும் கிரவுண்டும் எஸ்பியு என்ற உபரிப் பின்களில் போகும். இந்த வகையில் ஹெட்செட்டின் கிரவுண்டு கம்பி நேராகப் போன் போர்டு வரைக்கும் வருகிறது. டைப்-சி-யில் எஃப்எம் கொடுக்கும் தயாரிப்பாளர்கள் ஏரியலை எடுப்பது இங்கிருந்துதான். இன்னொரு சாதியில் பிளக்குக்குள் டாக் சிப் இருக்கிறது. போனிலிருந்து டிஜிட்டலாகப் போய் அங்கே ஒலியாகிறது. அதில் பாட்டு அருமையாக இருக்கும், எஃப்எம் ஆப் மட்டும் ‘இயர்போனை இணைக்கவும்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

கையில் இருப்பது எந்தச் சாதி என்று அறிய: அதை லேப்டாப்பின் டைப்-சி-யில் சொருகுங்கள். புது யுஎஸ்பி ஒலிக் கருவியாகத் தெரிந்தால் டாக் உள்ளது. கணினி கண்டுகொள்ளவே இல்லை என்றால் பெரும்பாலும் வெறும் கம்பி வகை.

புதிய போன் வாங்கப் போகிறவர்கள் ஜிஎஸ்எம்அரீனா பக்கத்தில் ‘ரேடியோ’ என்ற வரியைப் பாருங்கள். அதில் ‘நாட்டைப் பொறுத்து’ என்ற மாதிரி எழுதியிருந்தால், நம்ம ஊர் மாடல் எண்ணுக்கு உண்டா என்று கடையில் டெமோ பீஸில் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஐபோனில் தேட வேண்டாம்: ஐபோன் 7, 8-இல் எஃப்எம் சிப்பும் இல்லை, அதற்கான ஆன்டெனாவும் இல்லை என்று ஆப்பிளே 2017 செப்டம்பரில் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் புயல்கள் அடித்த நேரம், ‘போனில் இருக்கும் எஃப்எம்மைத் திறந்துவிடுங்கள்’ என்று அங்குள்ள தகவல் தொடர்பு ஆணையத் தலைவர் கேட்டதற்கு வந்த பதில் அது.

உப்பளத்தான்

எல்லோருக்கும் நன்றி. பார்த்ததைச் சொல்கிறேன்.

புதிய போன்: இன்ஜினியர் மோடு திறந்தது. ‘எஃப்எம் ரிசீவர்’ வரி இருக்கிறது, தொட்டால் ஒரு நொடியில் மூடிக்கொள்கிறது. மூன்று முறையும் அப்படியே. என் டைப்-சி ஹெட்செட்டை லேப்டாப் ஒலிக் கருவியாகக் காட்டுகிறது, ஆக டாக் வகை. ஹெட்செட் இல்லாமல் தொட்டாலும் அதே மாதிரிதான் மூடுகிறது.

பழைய போன்: இரண்டு ஹெட்செட், ஜாக் சுத்தம், மாற்றமில்லை. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஜாக் பக்கத்தில் வரிசையாக ஐந்து குட்டிப் பாகங்கள். நான்கு கரும்சாம்பல். ஜாக்கின் கிரவுண்டு காலுக்கு அடுத்ததில் மேலே கறுப்பு, பக்கவாட்டில் வெள்ளை. பழைய சப் போர்டு தூக்கிப் போடாமல் இருக்கிறது, அதில் ஐந்தும் கரும்சாம்பல்.

ஈயக்கம்பி

கிடைச்சிடுச்சு. அந்த வெள்ளை பக்கவாட்டுப் பாகம்தான் ஜீரோ ஓம். பழைய போர்டு கையில இருக்கறது பெரிய விஷயம், மதிப்பு தேடவே வேண்டாம். பழைய போர்டுல அதே இடத்துல இருக்கற பீடை எடுத்து இங்கே வையுங்க. பழைய போர்டு இல்லாதவங்களுக்கு: 100 மெகாஹெர்ட்ஸ்ல 1000 முதல் 1800 ஓம் காட்டற பீடு, அதே சைஸ், டிசி தடை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இது கிரவுண்டு லைன், இடது வலது ரெண்டும் இதுல சேர்ந்துதான் திரும்புது. இங்கே ஒரு ஓம் சேர்ந்தாலே 32 ஓம் ஹெட்செட்டுல ஒரு காதுக்கு உள்ளது லேசா மறு காதுல கசியும். சார்ஜிங் லைன்ல போடற 120 ஓம் பீடும் பார்க்க அச்சு அசல் இதே மாதிரி இருக்கும், அதைப் போட்டா எஃப்எம் அரைகுறையாத்தான் வரும்.

வேலைக்கு ஹாட் ஏர் வேண்டாம். ஜாக் பிளாஸ்டிக், பக்கத்துல மைக்கோட ரப்பர், ரெண்டும் உருகிடும். ஊசிமுனை அயர்ன் 320, 330 டிகிரி போதும். முதல்ல கேப்டான் டேப்பால (சூடு தாங்கற டேப்) ஜாக்கை மூடுங்க. ரெண்டு முனையிலயும் ஃப்ளக்ஸ் வச்சு கொஞ்சம் புது ஈயம் விட்டு, முனையை மாத்தி மாத்தித் தொட்டா பாகம் மிதந்து வந்துரும். இழுக்காதீங்க, கீழே இருக்கற தாமிரப் பேடு உரிஞ்சு வந்தா அப்புறம் முடி கனத்துல கம்பி இழுக்கணும். பீடை வைக்கும்போது ஒரு பக்கம் பிடிப்பிச்சுட்டு மறுபக்கம். திசை கிடையாது, எப்படி வச்சாலும் சரி. ஈயம் வழிஞ்சு ரெண்டு முனையையும் சேர்த்துட்டா மறுபடி அதே ஜம்பர்தான், லென்ஸ்ல பாருங்க.

அதுக்கப்புறமும் வரலைன்னா அந்தக் குட்டி கெப்பாசிட்டர். பழைய போர்டையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எந்த இடம் காலின்னு எண்ணுங்க. சில மாடல்ல அது மெயின் போர்டுல இருக்கும். அப்ப நடுவுல வர்ற ஸ்ட்ரிப் கனெக்டரைக் கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு மறுபடி அழுத்துங்க. கடல் காத்து ஊர், கனெக்டர்ல பச்சை பிடிச்சிருக்கும்.

கை பழகாதவங்க இதை வேலை செய்யாத பழைய போர்டுல நாலு தடவை செஞ்சு பார்த்துட்டு இறங்குங்க.

குறுக்கலை

புதிய போனில் ஹெட்செட் இல்லாதபோதும் மூடிக்கொள்கிறது என்பது முக்கியமான தகவல். ஆன்டெனா மட்டும் இல்லாத போன் திறந்து இரைச்சலாவது கொடுத்திருக்கும். உங்களுக்கு டிரைவர் அடுக்கிலேயே பதில் இல்லை, அந்த மெனு வரி மற்ற மாடல்களோடு பொதுவாக வந்த மிச்சம். இதோடு விடலாம். ரூட் செய்வது (போனின் முழு உரிமையையும் திறப்பது), கர்னல் மாற்றுவது என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். ஆன்டெனா பாதை போர்டில் இல்லாவிட்டால் அத்தனை வேலையும் வீண், வங்கி ஆப்களும் ஓடாது.

அந்தப் போனையே ரேடியோவாக்க வேறொரு வழி உண்டு. ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள்: டிவி பார்க்க வந்த யுஎஸ்பி குச்சி, உள்ளே ஆர்டிஎல்2832யூ சிப்பும் ஆர்820டி2 ட்யூனரும். 24 முதல் 1766 மெகாஹெர்ட்ஸ் வரை பிடிக்கும், எஃப்எம் அதில் ஒரு துண்டு. ஓடிஜி கேபிள் (யுஎஸ்பி கருவியைப் போனோடு இணைக்கும் கேபிள்) வழியாகப் போனில் சொருகி, எஸ்டிஆர் டச் போன்ற ஆப்பும் அதன் டிரைவர் ஆப்பும் போட்டால் டேட்டா, சிம் எதுவும் இல்லாமல் 100.3 வரும். இரண்டு ஆப்களையும் முன்கூட்டியே இறக்கி ஒருமுறை ஓட்டிப் பார்த்து வையுங்கள், புயல் வந்த பிறகு பிளே ஸ்டோர் திறக்காது. மோடு டபிள்யூஎஃப்எம் (அகல எஃப்எம்) என்று இருக்க வேண்டும்; குறுகிய எஃப்எம்மில் வைத்தால் பேச்சு உடைந்து கேட்கும். கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவு) முழுதாக ஏற்றாமல் பாதியிலிருந்து மெல்ல உயர்த்துங்கள். பக்கத்து நிலையம் எல்லா எண்ணிலும் கேட்கத் தொடங்கினால் அளவு மீறிவிட்டது.

ஆன்டெனா நீளம் கணக்கு எளிது. 300-ஐ 100.3-ஆல் வகுத்தால் அலைநீளம் 2.99 மீட்டர், அதில் கால் பங்கு 75 செமீ. கம்பியில் சுமார் 5 சதவீதம் குறைத்து 71 செமீ. இரட்டைக் கம்பி ஆன்டெனா என்றால் ஒவ்வொரு பக்கமும் 71.

குறையையும் சொல்ல வேண்டும். டாங்கிள் சுமார் 300 மில்லியாம்பியர் இழுக்கும், அதாவது ஒன்றரை வாட். அதைப் பிரித்தெடுக்க போன் பிராசசரும் ஓடும். டாங்கிள் சொருகியிருக்கும்வரை சாதாரண ஓடிஜி கேபிளில் போனுக்குச் சார்ஜ் ஏற்ற முடியாது, பவர் பேங்க் பக்கத்தில் இருந்தும் பயனில்லை. காலை பத்து நிமிடம், இரவு பத்து நிமிடம் செய்தி கேட்கப் போதும். நாள் முழுக்க ஓட்டும் பொருளல்ல.

பின்னல்வயர்

அந்தக் காரணத்தால்தான் புயல் ஊருக்கு நான் தனி ரேடியோவையே சொல்வேன். இரண்டு ஏஏ செல் போடும் சின்ன டிஎஸ்பி ரேடியோ (சிக்னலை டிஜிட்டல் முறையில் பிரிப்பது) ஹெட்போனில் சில பத்து மில்லியாம்பியர்தான் தின்னும், ஒரு ஜோடி அல்கலைன் செல்லில் நாற்பது மணி நேரம் பக்கம் வரும். உள்ளே அடைத்த லித்தியம் பேட்டரி மட்டும் உள்ளதை வாங்காதீர்கள். கரண்ட் இல்லாத மூன்றாம் நாளில் செல் கடையில் கிடைக்கும், சார்ஜ் கிடைக்காது. மீடியம் வேவும் சேர்ந்த மாடல் என்றால் இன்னும் நல்லது. திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் உங்கள் பக்கம் தரையோடு ஒட்டி வரக்கூடிய தூரம்தான். எஃப்எம் ஏறத்தாழ கண்ணுக்கெட்டிய பாதையில் போகும், மீடியம் வேவ் பூமியின் வளைவோடு வளைந்து வரும். வருடம் முழுக்கச் செல்லை உள்ளேயே விடாதீர்கள், கசிந்து ஸ்ப்ரிங்கைத் தின்றுவிடும்.

நெட் இருக்கும் நாளில் வானொலியின் நியூஸ்ஆன்ஏர் ஆப்பில் கேட்கலாம், அதைக் குறை சொல்லவில்லை. 64 கேபிபிஎஸ் ஒலிபரப்பு மணிக்கு 29 எம்பி அளவு எடுக்கும், டவர் இருக்கும்வரை.

ராமேஸ்வரம் பக்கம் யாராவது படித்தால்: பாம்பனில் மீனவர்களுக்கென்றே கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி இருக்கிறது. சமுதாய வானொலிகள் பெரும்பாலும் 100 வாட்டுக்குள் ஒலிபரப்புபவை, பத்து கிலோமீட்டருக்குள் கேட்கும். வேதாரண்யத்துக்கு எட்டாது.

உப்பளத்தான்

பழைய போர்டிலிருந்து பீடை மாற்றியாகிவிட்டது (பக்கத்து ஊர் மெக்கானிக் கையால், என் கையால் இல்லை). ஸ்கேனில் 100.3 நின்றது. ஸ்டீரியோவில் கொஞ்சம் கரகரப்பு இருக்கிறது, பேச்சு புரிகிறது. வீட்டின் நடு அறையில் கரகரப்பு கூடுகிறது. இது இன்னும் பழுதா, தூரத்தாலா?

குறுக்கலை

தூரத்தால். காரைக்கால் உங்களுக்கு 60 கிலோமீட்டர் சொச்சம். ஆப் மெனுவில் ‘மோனோ’ இருந்தால் அதில் போடுங்கள். ஸ்டீரியோ வித்தியாசச் சிக்னல் 38 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் ஏறி வருகிறது, அங்கே இரைச்சல் அதிகம்; மோனோவில் அந்தப் பகுதியையே தள்ளிவிடுவதால் ஏறத்தாழ 20 டெசிபல் நிம்மதி. செய்திக்கு ஸ்டீரியோ எதற்கு.

கேட்கும்போது சார்ஜரைக் கழற்றிவிடுங்கள், மலிவு எல்இடி பல்பு எரிந்தால் அணைத்துப் பாருங்கள். இரண்டும் இதே அலைவரிசையில் குப்பை கொட்டும். ஹெட்செட் வயரைச் சுருட்டி மேசையில் வைக்காமல் ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் நேராகத் தொங்க விடுங்கள், கம்பியைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி. ஸ்பீக்கரில் கேட்பதென்றாலும் வயர் சொருகியே இருக்க வேண்டும்.

ஈயக்கம்பி

வயர் நீளம் வேணும்னா ஹெட்செட்டுக்குப் பதிலா ஒரு மீட்டர் ஆக்ஸ் கேபிளை (ரெண்டு முனையிலயும் 3.5 பின் இருக்கறது) போட்டு, மறுமுனையை பேட்டரி ஸ்பீக்கர்ல சொருகுங்க. கேபிளோட மேல்பின்னல்தான் கிரவுண்டு, அது நல்ல ஏரியல். மறுமுனை காத்துல தொங்கினா சில போன் ஹெட்செட்டே இல்லைன்னு சொல்லும். ஸ்பீக்கர் இல்லைன்னா மூணு தொடுபகுதி (நடுவுல ரெண்டு கறுப்புக் கோடு) இருக்கற ஒரு 3.5 பின் வாங்கி, நுனிக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஒரு 33 ஓம், வலதுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல இன்னொரு 33 ஓம், கால் வாட் ரெசிஸ்டர் போடுங்க. போன் அதை ஹெட்செட்னு நம்பிடும். கிரவுண்டு காலுல 71 செமீ சாதாரண வயரைப் பத்தவச்சுத் தொங்க விடுங்க. ஒலி போன் ஸ்பீக்கர்ல. அந்தப் பின்னை போன் கவருக்குள்ளேயே வச்சுடுங்க, தேடும்போது கிடைக்கணும்.